கரன்ட் ரேஷியோவை வகுப்பதற்கு முன்: ஷீட்டில் லிக்விடிட்டி பார்க்கும் முறை

நிறுவனங்களின் கடன் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்து எழுதுவது என் வேலை. அதில் ஒரு பகுதி லிக்விடிட்டி, அதாவது சீக்கிரம் கட்ட வேண்டிய கடன்களை நிறுவனத்தால் கட்ட முடியுமா என்று பார்ப்பது. அதற்கான ஓர் அளவு கரன்ட் ரேஷியோ: நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்து வரும் எண். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் ஃபைலில் கரன்ட் ரேஷியோ 2.07 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். பேலன்ஸ் ஷீட்டைக் கால்குலேட்டரில் கூட்டி வைத்திருந்தார். அவருக்கு 1.44 வந்திருந்தது.

இருவரும் என் எக்செல் ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தோம். குறுகிய காலக் கடன் 260 என்ற எண் பிடிஎஃப்பிலிருந்து காப்பி ஆகி வந்தது. அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, எழுத்தாக வைத்துக்கொண்டது. சம் ஃபங்ஷன் எழுத்தைக் கூட்டாது. பிழை என்று சொல்லவும் சொல்லாது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பொறுப்புகள் 860 இருக்க வேண்டிய இடத்தில் 600 நின்றது.

வகுத்தல் யாருக்கும் தவறாது. மேலேயும் கீழேயும் என்ன போய் உட்கார்கிறது என்பதில்தான் தவறு நடக்கிறது. அதனால் என் ஷீட்டில் ரேஷியோவுக்கு மூன்றே வரிசைகள், மற்றதெல்லாம் அதற்கு முந்தைய வேலை. கீழே வருவதும் அந்த விகிதத்தில்தான் இருக்கும்.

ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஷீட்டில் தட்டும்போது ஃபங்ஷன் பெயரையும் செல் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இவை வேலை செய்யும்.

டேட்டா ஷீட்

முதல் ஷீட்டுக்கு டேட்டா என்று பெயர் வையுங்கள். அதில் ஐந்து நெடுவரிசைகள் போதும். ஏ-யில் தேதி, பி-யில் கணக்கின் பெயர், சி-யில் பெரிய வகை, டி-யில் சின்ன வகை, இ-யில் தொகை. பெரிய வகை என்பது நடப்புச் சொத்து, நடப்புப் பொறுப்பு போன்றது. சின்ன வகை என்பது ரொக்கம், வரவேண்டியது, சரக்கு போன்றது. எஃப்-பில் அந்த எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று எழுதி வைப்பேன். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் தேட வேண்டியதில்லை.

எதை நடப்பு என்று போடுவது? சர்வதேச கணக்கியல் தரம் 1 சொல்வது இதுதான்: பேலன்ஸ் ஷீட் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், அல்லது நிறுவனத்தின் வழக்கமான வணிகச் சுழற்சிக்குள் (சரக்கு வாங்கி, விற்று, பணம் வசூலிக்கும் காலத்துக்குள்), பணமாகும் என்று எதிர்பார்க்கும் சொத்து நடப்புச் சொத்து. 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய கடனும், அந்தச் சுழற்சிக்குள் தீர்க்கும் பாக்கியும் நடப்புப் பொறுப்பு. பலர் விட்டுவிடுவது நீண்ட காலக் கடனில் இந்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய அசல் தவணை. கடன் நீண்ட காலம்தான், ஆனால் அந்தத் தவணை நடப்புப் பொறுப்பு. அதைத் தனி வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

டேட்டாவை நிரப்பியதும் செய்ய வேண்டிய முதல் சோதனை:

=சம்புராடக்ட்(--இஸ்டெக்ஸ்ட்(டேட்டா!இ2:இ500))

தொகை நெடுவரிசையில் எழுத்தாக மாறிப்போன செல்கள் எத்தனை என்று இது எண்ணிச் சொல்லும். பூஜ்யம் வர வேண்டும். 1 வந்தாலும் நிறுத்திவிட்டு அந்த செல்லைத் தேடுங்கள். சரி செய்ய, பக்கத்து செல்லில்:

=வேல்யூ(ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(இ2, கேர்(160), "")))

சாதாரண ட்ரிம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிடிஎஃப்பிலிருந்தும் வலைப்பக்கத்திலிருந்தும் வரும் இடைவெளி பெரும்பாலும் 160 என்ற எண் கொண்ட வேறொரு எழுத்து. ட்ரிம் அதைத் தொடாது. அதனால்தான் சப்ஸ்டிட்யூட் முதலில் அதை அகற்றுகிறது. வந்த விடையைக் காப்பி செய்து, மதிப்பாக மட்டும் பழைய இடத்தில் ஒட்டுங்கள்.

பொதுப் பேரேட்டிலிருந்து (எல்லாக் கணக்குகளும் பதிவாகும் முதன்மைப் புத்தகம்) நேராக எக்ஸ்போர்ட் செய்தால் பொறுப்புகள் எதிர்மறை எண்ணாக வரும். உடனே ஏபிஎஸ் போட்டு எல்லாவற்றையும் நேர்மறை ஆக்கிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒரு சப்ளையருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அவர் கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். ஏபிஎஸ் அதையும் கடனாக மாற்றிக் கூட்டிவிடும். -1 ஆல் பெருக்குங்கள், அப்போது விதிவிலக்கு விதிவிலக்காகவே தெரியும்.

வங்கி இருப்பிலும் இதே கவனம் வேண்டும். ஒரு வங்கியில் 300 இருக்கிறது, இன்னொரு வங்கியில் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுத்த கடன், 180 என்று வைத்துக்கொள்வோம். கழித்து 120 என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் ஒரு வங்கியில் இருக்கும் பணத்தை இன்னொரு வங்கியின் கடனோடு கழிக்க முடியாது. 300 சொத்துப் பக்கம், 180 பொறுப்புப் பக்கம். நான் காட்டும் நிறுவனத்தில் இதைப் பிரித்தால் கரன்ட் ரேஷியோ 1.44-லிருந்து 1.37-க்கு இறங்கிவிடும். வங்கிக் கணக்குகள் பல இருந்தால் இரண்டு சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் ஃபங்ஷன்) போட்டு, ஒன்றில் ">0", மற்றதில் "<0" என்ற நிபந்தனை கொடுத்துப் பிரிக்கலாம்.

அறிக்கை ஷீட்

இரண்டாவது ஷீட்டில் பி1-இல் முதல் மாதத்தின் கடைசித் தேதி. சி1-இல் =இஓமந்த்(பி1,1) என்று போட்டு வலப்பக்கம் இழுத்தால் மாதக் கடைசித் தேதிகள் தானாக வரும். காலாண்டு வேண்டுமானால் 1-க்குப் பதில் 3. ஏ நெடுவரிசையில் சின்ன வகைகளின் பெயர்கள், டேட்டாவில் எழுதிய அதே எழுத்துகளில். பி2-இல் இந்த ஒரே ஃபார்முலா:

=சம்இஃப்ஸ்(டேட்டா!$இ:$இ, டேட்டா!$டி:$டி, $ஏ2, டேட்டா!$ஏ:$ஏ, பி$1)

டாலர் குறிகளைக் கவனியுங்கள். $ஏ2 என்றால் பெயர் எப்போதும் ஏ-யிலிருந்தே வரும், பி$1 என்றால் தேதி எப்போதும் முதல் வரிசையிலிருந்தே வரும். இப்படி எழுதினால் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்துக்கொண்டே போகலாம், எந்த செல்லிலும் தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

நான் உதாரணமாக எடுக்கும் நிறுவனத்துக்கு, ஆயிரங்களில், இரண்டாவது வரிசை முதல் ஆறாவது வரை இப்படி: ரொக்கம் 120, குறுகிய கால முதலீடு 80, வரவேண்டியது 460, சரக்கு 540, முன்கூட்டிக் கொடுத்த செலவு 40. ஏழாவது வரிசையில் கூட்டல், 1,240. எட்டு முதல் பன்னிரண்டு வரை: சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது 410, குறுகிய காலக் கடன் 260, நீண்ட காலக் கடனின் இந்த வருடத் தவணை 90, வரி 60, மற்றவை 40. பதின்மூன்றில் கூட்டல், 860. பதினான்காவது வரிசையில் நீண்ட காலக் கடனின் மீதி 500. அதை இப்போது எதிலும் சேர்க்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

சம்இஃப்ஸில் ஓர் ஆபத்து உண்டு. டேட்டாவில் யாராவது "சரக்கு" என்பதை "சரக்குகள்" என்று எழுதிவிட்டால் அந்தத் தொகை எங்கேயும் சேராது, பிழையும் காட்டாது. அதற்கும் ஒரு சோதனை வரிசை வைக்கிறேன். பெரிய வகையை வைத்து இன்னொரு சம்இஃப்ஸ் போட்டு, அதிலிருந்து பி7-ஐக் கழிப்பேன்:

=ரவுண்ட்(சம்இஃப்ஸ்(டேட்டா!$இ:$இ, டேட்டா!$சி:$சி, "நடப்புச் சொத்து", டேட்டா!$ஏ:$ஏ, பி$1)-பி7, 2)

பூஜ்யம் வராவிட்டால் ஒரு வரி தொலைந்திருக்கிறது. பொறுப்புக்கும் இதே. ரவுண்ட் இல்லாமல் விட்டால், கணினி தசமங்களை வைத்துக்கொள்ளும் விதத்தால் சில சமயம் 0.0000001 மாதிரி ஏதாவது மிஞ்சி நின்று வீணாகப் பயமுறுத்தும்.

மூன்று விகிதங்கள்

கரன்ட் ரேஷியோ, அதாவது நடப்பு விகிதம்:

=இஃப்(பி13=0, "", பி7/பி13)

குயிக் ரேஷியோ, அதாவது விரைவு விகிதம்:

=இஃப்(பி13=0, "", சம்(பி2:பி4)/பி13)

ரொக்க விகிதம்:

=இஃப்(பி13=0, "", சம்(பி2:பி3)/பி13)

விடைகள் 1.44, 0.77, 0.23. பலர் இங்கே இஃப்எரர் (எந்தப் பிழை வந்தாலும் மறைக்கும் ஃபங்ஷன்) போடுவார்கள். நான் போடுவதில்லை. பூஜ்யத்தால் வகுப்பதை மட்டுமல்ல, உடைந்துபோன ரெஃபரன்ஸையும், எழுத்தாக மாறிய எண்ணையும் அது சேர்த்து மூடிவிடும். பூஜ்யம்தான் பயம் என்றால் பூஜ்யத்தை மட்டும் கேளுங்கள்.

விரைவு விகிதத்துக்கு மொத்தத்திலிருந்து சரக்கைக் கழிக்கச் சொல்லிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் கழிப்பதில்லை, வேண்டியதைக் கூட்டுகிறேன். கழித்தால் "மற்ற நடப்புச் சொத்து" என்ற பெயரில் என்னென்னவோ உள்ளேயே தங்கிவிடும். முன்கூட்டிக் கட்டிய காப்பீட்டுப் பிரீமியத்தை வைத்து யாருக்கும் சம்பளம் போட முடியாது.

1.44 என்பதை "1.44 : 1" என்று காட்ட விரும்பினால் டெக்ஸ்ட் ஃபங்ஷனைத் தொடாதீர்கள், அது எண்ணை எழுத்தாக்கிவிடும். நாம் ஆரம்பத்தில் பட்ட அதே கஷ்டம். செல்லின் நம்பர் ஃபார்மேட்டில் கஸ்டம் போய் 0.00" : 1" என்று கொடுங்கள். பார்வைக்கு மட்டும் மாறும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும்.

அப்புறம், 2-க்கு மேல் பச்சை, கீழே சிவப்பு என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடும் பழக்கம். 2 என்பது பாடப்புத்தக எண். கையில் காசு வாங்கி விற்று, சப்ளையருக்கு மாதம் கழித்துக் கொடுக்கும் சில்லறை வணிகச் சங்கிலி 1-க்குக் கீழேயே வருடக்கணக்கில் நன்றாக ஓடும். விற்காத சரக்கை அடுக்கி வைத்திருக்கும் நிறுவனம் 3 காட்டும். ஒரே தொழிலில் உள்ள நிறுவனங்களோடு ஒப்பிடும்போதும் ஆவரேஜ் வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எடுங்கள். ஒரே ஒரு நிறுவனம் 9 காட்டினாலும் ஆவரேஜ் அதன் பின்னால் போய்விடும்.

ஒரு நாளின் படம்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பேலன்ஸ் ஷீட் ஒரே ஒரு நாளின் நிலவரம். அந்த நாளை அழகாக்குவது கஷ்டமே இல்லை. நடப்புச் சொத்து 300, பொறுப்பு 200 என்றால் விகிதம் 1.5. கடைசி நாளில் 100 ரொக்கத்தை எடுத்துச் சப்ளையர் பாக்கியைக் கட்டினால் 200-க்கு 100, விகிதம் 2. நிறுவனத்திடம் புதிதாக எதுவும் வரவில்லை. அதே காரியத்தை 150-க்கு 200 இருக்கும் நிறுவனம் செய்தால் 50-க்கு 100, விகிதம் 0.75-லிருந்து 0.5-க்கு விழும். 1-க்கு மேலே இருப்பவர் வருடக் கடைசியில் அவசரமாகக் கடன் தீர்ப்பதும், கீழே இருப்பவர் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

எனவே வருடக் கடைசி எண்ணோடு 12 மாதங்களின் எண்களையும் கேட்டு வாங்குங்கள். விகிதம் 15-ஆவது வரிசையில், மாதங்கள் பி முதல் எம் வரை என்றால், வருடத்தின் மோசமான மாதம் எது என்று இது சொல்லும்:

=இண்டெக்ஸ்(பி1:எம்1, மேட்ச்(மின்(பி15:எம்15), பி15:எம்15, 0))

செல்லைத் தேதி ஃபார்மேட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் ஐந்து இலக்க எண் ஒன்று நிற்கும். வருடக் கடைசிக்கும் அந்த மாதத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால் நான் நிறுவனத்தைக் கேட்கும் முதல் கேள்வி அந்த மாதத்தைப் பற்றித்தான்.

அடுத்தது வரவேண்டிய பணம். 460 என்று ஒரே எண்ணாக நிற்கிறது, ஆனால் எல்லாம் ஒரே தரமல்ல. நிலுவைப் பட்டியலைத் தனி ஷீட்டில் வையுங்கள். ஏ-யில் பில் எண், பி-யில் கட்ட வேண்டிய தேதி, சி-யில் தொகை. கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் ஆனவை:

=சம்இஃப்ஸ்(நிலுவை!$சி:$சி, நிலுவை!$பி:$பி, "<"&(பி$1-90))

நம் நிறுவனத்தில் இது 150. அதை எடுத்துவிட்டு விரைவு விகிதத்தை மறுபடி போட்டால் 510-ஐ 860-ஆல் வகுக்க வேண்டும், 0.59. அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன்: 0.77, பழைய நிலுவை நீக்கி 0.59. என் அனுபவத்தில் படிப்பவர்கள் விரல் வைத்துக் கேட்பது இரண்டாவது எண்ணைத்தான்.

விகிதத்தை நாட்களாக மாற்றுதல்

0.77 என்றால் கணக்கு தெரியாதவருக்கு ஒன்றும் புரியாது. பணம் வசூலாக 61 நாள் என்றால் எல்லோருக்கும் புரியும். வருட விற்பனை 2,760, விற்ற பொருளின் அடக்கச் செலவு 1,971 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை பி20-இல், அடக்கம் பி21-இல் இருந்தால்:

வசூலாகும் நாட்கள் =பி4/பி20*365, விடை 61. சரக்கு தங்கும் நாட்கள் =பி5/பி21*365, விடை 100. சப்ளையருக்குக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள் =பி8/பி21*365, விடை 76. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 85. சரக்குக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் நாள் வரை 85 நாள் அந்தப் பணத்தை வேறு எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். குறுகிய காலக் கடன் 260 எதற்கு என்ற கேள்விக்குப் பெரிய பதில் இங்கே இருக்கிறது.

காலாண்டு விற்பனையை வைத்துக்கொண்டு 365 போட்டால் எல்லாம் நான்கு மடங்கு ஆகிவிடும். அந்தக் காலாண்டில் எத்தனை நாளோ அத்தனை நாளைப் போடுங்கள். இரண்டு தேதி செல்களைக் கழித்தாலே அது வந்துவிடும்.

இன்னொரு எண் எனக்கு மிகவும் பிடித்தது: நாளை முதல் ஒரு காசு உள்ளே வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? வருடச் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழியுங்கள், அது கையை விட்டுப் போகும் பணமல்ல. நம் கணக்கில் அடக்கம் 1,971, மற்றச் செலவு 520, இவற்றில் தேய்மானம் 118, ஆக 2,373. அது பி22-இல் இருந்தால் =சம்(பி2:பி3)/(பி22/365). விடை 31 நாள். வரவேண்டியதையும் சேர்த்தால் 102 நாள், ஆனால் அதில் 150 எப்போது வரும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

கடன் நிபந்தனையைச் சோதித்தல்

கடன் ஒப்பந்தத்தில் கரன்ட் ரேஷியோ 1.25-க்குக் கீழே போகக் கூடாது என்று இருப்பதாக எடுத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைந்தால் அந்தக் கோட்டைத் தொடும்? எக்செல்லில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதற்குள் கோல் சீக். வேண்டிய விடையைச் சொன்னால் அதைத் தரும் எண்ணை அது தேடித் தரும். இலக்கு செல் பி15, மதிப்பு 1.25, மாற்ற வேண்டிய செல் பி5. மாற்றும் செல்லில் ஃபார்முலா இருக்கக் கூடாது, எண்தான் இருக்க வேண்டும். அதனால் ஷீட்டைக் காப்பி எடுத்து, காப்பியில் 540 என்று நேராகத் தட்டிவிட்டுச் செய்யுங்கள். விடை 375. அதாவது சரக்கில் 165 மதிப்பிழந்தால் போதும், சுமார் 31 சதவீதம். சீக்கிரம் பழசாகும் பொருளை விற்கும் நிறுவனத்துக்கு அது எட்டாத தூரம் இல்லை.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் ஷீட்டிலேயே பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட் தேதியிலோ அதற்கு முன்போ நிபந்தனை மீறப்பட்டு, கடன் கொடுத்தவர் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை பெற்றுவிட்டால், அந்தத் தேதிக்குள் அவர் குறைந்தது 12 மாத அவகாசம் கொடுத்திருக்காவிட்டால், மீதி நீண்ட காலக் கடனும் நடப்புப் பொறுப்பாகிவிடும். இதுவும் அதே தரம் 1-இல் உள்ளதுதான். பதினான்காவது வரிசையை ஓரமாக வைத்தது இதற்காகத்தான். பி28-இல் ஆம் அல்லது இல்லை என்று எழுதும்படி வைத்து, பி13-ஐ இப்படி மாற்றுங்கள்:

=சம்(பி8:பி12)+இஃப்($பி$28="ஆம்", பி14, 0)

இப்போது சரக்கை 370 ஆக்கிப் பாருங்கள். நடப்புச் சொத்து 1,070, விகிதம் 1.24, நிபந்தனை இம்மியளவு மீறியிருக்கிறது. பி28-இல் "ஆம்" என்று தட்டுங்கள். பொறுப்பு 1,360 ஆகிறது, விகிதம் 0.79. இந்த இரண்டு நிலைகளையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவேன், 1.44-க்கு நேர் கீழே.